பல் வைத்தியர் தகுதிப் பரீட்சைகளும் நிபுணர் சான்றும்: இலங்கையும் வன்னிப் பெருநிலமும்

பல், ஈறு, தாடை, வாய் ஆகியவற்றின் நோய்களைத் தீர்க்கும் தொழிலில் ஒருவர் பிரவேசிக்குமுன், அவருடைய சாஸ்திர அறிவையும் கைத்திறனையும் தொழில் ஒழுக்கத்தையும் அரசின் அதிகாரம் பெற்ற சபையோ பல்கலைக்கழகமோ நோயாளியின் பொருட்டுச் சோதித்தறிவதே பல் வைத்தியர் தகுதிப் பரீட்சையாகும். அதில் தேறியவர் பெயர் பதிவேட்டில் ஏறுவது முதற்படி. அவர் மேலும் பயின்று தாடைச் சத்திரசிகிச்சை, பற்சீரமைப்பு முதலிய துறைகளுள் ஒன்றில் நிபுணரெனச் சான்று பெறுவது இரண்டாம் படி. இவ்விரு படிகளும் உலகில் எவ்வாறு தோன்றி இலங்கையில் எவ்வாறு வேரூன்றின என்பதையும், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களை உள்ளிட்ட வன்னிப் பெருநிலத்தில் அவை எவ்வளவு தூரம் பயன் தந்துள்ளன என்பதையும் இக்கட்டுரை கூறும்.

சான்று தோன்றுமுன்

பரீட்சையும் பதிவும் இல்லாத காலத்தில் பல்நோய்க்கு மருந்தில்லாமற் போகவில்லை. யாழ்ப்பாண அரசர் காலத்தில் தொகுக்கப்பட்ட செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் வைத்திய நூல்களின் மரபில் வந்த நாட்டு வைத்தியர்கள் வன்னியின் குளக்கட்டுக் கிராமங்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தனர். வேப்பங்குச்சியும் ஆலங்குச்சியும் உப்பும் உமிக்கரியும் அன்றாடப் பாதுகாப்பாகவும், கிராம்பும் மூலிகைக் கஷாயங்களும் வலிக்கு மருந்தாகவும் பயன்பட்டன. வித்தை தந்தையிடமிருந்து மகனுக்கும் குருவிடமிருந்து சீடனுக்கும் சென்றது. ஊரார் நெடுநாள் கண்டறிந்த அனுபவமே வைத்தியனுக்குச் சான்றாயிற்று. எல்லோரும் எல்லோரையும் அறிந்த சிறு சமூகத்தில் அச்சான்று போதுமானதாக இருந்தது. பின்னர் 1961 ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் சுதேச வைத்தியர்களுக்கும் ஒரு பதிவு முறையை ஏற்படுத்தியது.

மேனாட்டு வைத்தியக் கல்வி வட இலங்கைத் தமிழரிடையே வேரூன்றியது அமெரிக்க மிஷன் வைத்தியரான சாமுவேல் பிஸ்க் கிறீனால் ஆகும். 1847 இல் யாழ்ப்பாணம் வந்து, மறு ஆண்டிலேயே மாணவரைச் சேர்த்துப் போதிக்கத் தொடங்கி, மானிப்பாயில் அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியரைப் பயிற்றிய அவர், காலக்கிரமத்தில் தமிழையே போதனாமொழியாக்கி, மேனாட்டு வைத்திய நூல்களைத் தமிழில் பெயர்த்து அச்சிட்டார். நியமித்த பாடத்தைப் படித்து, ஆசிரியர் முன் சோதிக்கப்பட்டு, தகுதியோடு ஊருக்குச் செல்லும் வைத்தியர் என்ற புதிய வகையினரை வடபுலம் கண்டது அக்காலத்திலேதான். பற்சிகிச்சை அன்று தனித்துறையாகவில்லை. பொது வைத்தியரே பல்லும் பிடுங்கினர்.

பரீட்சை முறையின் பிறப்பு

ஐரோப்பாவில் பல் பிடுங்கும் தொழில் நெடுங்காலம் நாவிதரிடமும் சந்தைதோறும் திரிந்த கைவினைஞரிடமும் இருந்தது. 1840 இல் அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரில் முதலாவது பல் வைத்தியக் கல்லூரி நிறுவப்பட்டபோது, அத்தொழிலுக்கு ஒழுங்கான பாடத்திட்டமும் பட்டமும் உண்டாயின. இங்கிலாந்தில் அரச சத்திரவைத்தியர் கல்லூரி 1859 இல் பெற்ற சாசன அதிகாரத்தின்படி, பல் சத்திரசிகிச்சை அனுமதிப்பத்திரமாகிய எல்.டி.எஸ்.ஸுக்கான முதற் பரீட்சையை 1860 இல் நடத்தியது. 1878 இன் பல் வைத்தியர் சட்டம் பதிவேட்டை உண்டாக்கிப் பட்டப்பெயரைப் பாதுகாத்ததாயினும், பதிவு பெறாதவர் வேறு பெயரோடு தொழில் செய்வதைத் தடுக்கவில்லை. அக்குறையை நீக்கிப் பதிவு பெற்றவருக்கே தொழிலுரிமை என்று விதித்தது 1921 ஆம் ஆண்டுச் சட்டம். முதலில் பெயரைக் காத்து, பின்னர் தொழிலையே காத்த இந்த இருநிலை வளர்ச்சி, பிரித்தானிய ஆட்சியின் கீழிருந்த நாடுகளின் சட்டங்களிலும் தன் சாயலைப் பதித்தது.

அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே பரீட்சை நடத்தியதால் விளைந்த முரண்பாடுகளைக் களைய 1928 இல் தேசிய பல் பரீட்சகர் சபை உருவாயிற்று. 1929 இல் பற்சீரமைப்புக்கென நிறுவப்பட்ட சபை, பல் வைத்தியத்தில் நிபுணர்களுக்குச் சான்றளித்த முதற் சபையாகக் கருதப்படுகிறது. கனடா 1952 இல் பாராளுமன்றச் சட்டத்தினால் தேசியப் பல் பரீட்சைச் சபையை அமைத்தது. எண்பதுகளுக்குப் பின் அந்நாட்டிற் குடியேறிய ஈழத்தமிழ்ப் பல் வைத்தியர்கள் மீண்டும் மாணவராகி எதிர்கொள்ள வேண்டியிருந்தது இச்சபையின் பரீட்சையையே. இந்தியாவில் டாக்டர் ஆர். அகமது 1920 இல் கல்கத்தாவில் முதற் பல் வைத்தியக் கல்லூரியைத் தொடங்கினார். 1948 ஆம் ஆண்டுப் பல் வைத்தியர் சட்டம் அகில இந்தியப் பதிவுமுறையை ஏற்படுத்தியது. அதனிடத்தை எடுக்கவே 2023 இல் தேசியப் பல் வைத்திய ஆணையச் சட்டம் இயற்றப்பட்டது.

இலங்கையில் சட்டமும் கல்வியும்

கொழும்பு வைத்தியக் கல்லூரி 1870 இல் தொடங்கப்பட்டது. வைத்தியர், பல் வைத்தியர், மருந்தாளர், மருத்துவிச்சி ஆகியோரின் பதிவை ஒரே அதிகாரத்தின் கீழ்க் கொண்டுவந்தது 1927 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க மருத்துவக் கட்டளைச் சட்டமாகும். அதன்வழித் தோன்றிய சபையே இன்று இலங்கை மருத்துவ சபை எனப்படுகிறது. பதிவின்றிப் பல் வைத்தியம் செய்வது இச்சட்டத்தின்படி குற்றம். பதிவு பெற்றவர் தொழில் ஒழுக்கம் தவறுவாராயின் அவரை விசாரித்துப் பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கவும் சபைக்கு அதிகாரமுண்டு. பல் வைத்தியருக்கெனத் தனிச் சபையை அமைத்த இந்தியாவைப் போலன்றி, இலங்கையில் அவர்கள் மற்ற வைத்தியரோடு ஒரே சபையின் கீழ் நிற்பது கவனிக்கத்தக்கது.

1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உதயமாகி, அதன் மருத்துவ பீடத்தில் பல் வைத்தியம் ஒரு பிரிவாக அமைந்தபின், பல் சத்திரசிகிச்சை இளமாணிப் பட்டமாகிய பி.டி.எஸ். இந்நாட்டிலேயே வழங்கப்படலாயிற்று. ஐம்பதுகளில் இக்கல்வி கொழும்பிலிருந்து கண்டிக்கு அண்மையிலுள்ள பேராதனையின் ஒகஸ்டா குன்றுக்குப் பெயர்ந்தது. எண்பதுகளில் அது தனிப் பீடமாயிற்று. ஜப்பானிய அரசின் நன்கொடையால் தொண்ணூறுகளின் பிற்பகுதியில் புதிய பல் போதனா வைத்தியசாலை எழுந்தது. ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழகம் அண்மையில் தனக்கென ஒரு பல் வைத்திய பீடத்தைத் தொடங்கும் வரையில், அப்பெயர்வுக்குப் பின் நாட்டில் அரச பட்டம் பெற்ற பல் வைத்தியர் அனைவரும் பேராதனையின் வழியே வந்தவர்கள். யாழ்ப்பாணத்தில் 1978 இல் மருத்துவ பீடம் அமைந்தும், வவுனியா வளாகம் 2021 இல் முழுமையான பல்கலைக்கழகமாகியும், வடக்கிலோ கிழக்கிலோ பல் வைத்திய பீடம் இன்றுவரை இல்லை. ஆகையால் வன்னி மாணவர் பல் வைத்தியராக விரும்பினால் தம் மண்ணை விட்டுத் தெற்கே செல்வதையன்றி வேறு வழியில்லை.

வன்னியிலிருந்து பேராதனைக்கு

அந்தப் பயணத்தின் வாயிலில் நிற்கும் தேசியப் பரீட்சை க.பொ.த. உயர்தரம். உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் ஆகிய மூன்று பாடங்களையும் தமிழ்மொழி மூலம் கற்கும் வன்னி மாணவர், பரீட்சைத் திணைக்களம் நாடெங்கும் ஒரே நாளில் நடத்தும் அதே வினாத்தாளுக்கு விடையெழுதுகின்றனர். அனுமதியை நிர்ணயிப்பது, பாடங்களின் புள்ளிகளை நியமப்படுத்திக் கணிக்கும் இஸட் புள்ளி. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெளியிடும் வெட்டுப்புள்ளியைக் குடும்பமே கூடியிருந்து பார்ப்பது வழக்கம்.

எழுபதுகளின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதியிற் புகுத்தப்பட்ட தரப்படுத்தல் தமிழ் இளைஞரிடையே ஆறாத மனவருத்தத்தை விளைத்தது வரலாறறிந்த செய்தி. இன்று நடைமுறையிலுள்ள முறையின்படி, நூற்றுக்கு 40 இடங்கள் அகில இலங்கைத் திறமையினடிப்படையிலும், 55 இடங்கள் மாவட்டங்களின் சனத்தொகைக்கேற்பவும், எஞ்சிய 5 கல்வியிற் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கெனவும் ஒதுக்கப்படுகின்றன. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மூன்றும் அப்பதினாறில் அடங்கும். ஆய்வுகூடமும் விஞ்ஞான ஆசிரியரும் அருகியிருந்த பாடசாலைகளிலிருந்து மாணவர் இப்பீடத்தை அடைவதற்கு இவ்வொதுக்கீடு துணைசெய்துள்ளது. அதேவேளை, உள்ளே சென்றபின் அவருக்குச் சலுகை எதுவும் இல்லை என்பதையும் அழுத்திச் சொல்லவேண்டும்: பட்டப் பரீட்சையின் பிரமாணம் எல்லோருக்கும் ஒன்றே. பின்தங்கிய மாவட்டத்தின் பெயரால் சேர்ந்தவரும் தலைநகரின் புகழ்பெற்ற கல்லூரியிலிருந்து வந்தவரும் ஒரே பரீட்சகர் முன் ஒரே அளவுகோலால் அளக்கப்படுகின்றனர்.

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரை 321 கிலோமீற்றர் நீளும் ஏ-9 நெடுஞ்சாலை வவுனியா, மாங்குளம், கிளிநொச்சி ஆகிய ஊர்களை ஊடறுத்துச் செல்வது. வன்னி மாணவருக்குப் பேராதனைக்குரிய நேர்வழி அதுவே. ஆயினும் உள்நாட்டு யுத்தகாலத்தில் அவ்வழி பலமுறை மூடப்பட்டது. 2002 ஆம் ஆண்டின் போர்நிறுத்தத்தோடு திறந்த பாதை 2006 ஓகஸ்டில் மீண்டும் அடைபட்டது. வவுனியாவைக் கடப்பதற்குப் பாஸ் என்னும் அனுமதிச்சீட்டைப் பெறவேண்டியிருந்த ஆண்டுகளில், பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் கைக்கு வந்தும் உரிய நாளில் விரிவுரைக்குச் சென்று சேர்வது தனியொரு பரீட்சையாகவே இருந்தது.

பட்டப் பரீட்சையின் இயல்பு

பல் வைத்தியப் பட்டப் பரீட்சை எழுத்துவினாக்களோடு முடிவதன்று. உடற்கூறு, உடற்றொழில், உயிர் இரசாயனம் ஆகிய அடிப்படைச் சாஸ்திரங்களில் தேறியபின், மாணவர் முதலில் பாவைத் தலையிற் பொருத்திய செயற்கைப் பற்களிலும், பிறகு ஆசிரியரின் மேற்பார்வையில் உண்மை நோயாளியிடத்தும் பழகுகின்றனர். இறுதிப் பரீட்சையில் அவர் நோயாளியை அமர்த்தி, வரலாற்றைக் கேட்டு, வாயைச் சோதித்து, எக்ஸ்-கதிர்ப் படத்தை நோக்கி, நோயை நிர்ணயித்துச் சிகிச்சைத் திட்டத்தைப் பரீட்சகர் முன் விளக்கவேண்டும். பல்லை அடைத்துக் காட்டும் பயிற்சியில், அடைப்பும் பல்லும் சந்திக்கும் விளிம்பின் மீது பரீட்சகர் மெல்லிய கொக்கிக் கருவியை இழுத்துப் பார்ப்பார்; கண்ணுக்குப் புலனாகாத ஒரு சிறு படியில் அக்கருவி தடுக்குமாயின், அங்கே உணவு தேங்கும், கிருமி பெருகும், அடைப்பின் அடியிலேயே மீண்டும் சொத்தை உண்டாகும். தடுக்கும் அந்த ஒரு கணத்தில், நோயாளி சில வருடங்களுக்குப் பின் அனுபவிக்கவிருக்கும் வேதனையை முன்கூட்டியே கண்டுகொள்வதுதான் இப்பரீட்சையின் சாரம்.

மொழிப் பிரச்சினையும் இங்கே தோன்றுகிறது. போதனையும் விடையும் ஆங்கிலத்தில்; நோயாளியின் பேச்சோ பெரும்பாலும் சிங்களத்தில். பதின்மூன்று ஆண்டுகள் தமிழிற் கற்ற வன்னி மாணவர், சாஸ்திரத்துக்கு ஒரு மொழியையும் நோயாளிக்கு மற்றொரு மொழியையும் சொற்ப காலத்தில் வசப்படுத்தவேண்டியவராகிறார். பலர் அதனைச் சாதித்திருக்கின்றனர். எதிர்த்திசையில், தெற்கிற் பிறந்து பட்டம் பெற்று வன்னிக்கு நியமனமாகும் இளம் வைத்தியர், கன்னத்தைக் கையாற் பொத்திக்கொண்டு வரும் முதியவளின் ‘அம்மா, கொடுப்புப் பல்லு விண் விண்ணெண்டு குத்துது’ என்ற வார்த்தையிலிருந்து நோயின் இயல்பை அறியவேண்டியவராகிறார். துடித்துத் துடித்து வரும் அவ்வலி பல்லின் உட்கூழ் அழற்சியைச் சுட்டும் முக்கிய அடையாளம். அதனை விளங்கிக்கொள்ளாதவர் மாத்திரையோடு அனுப்பிவிடக்கூடும். புதிதாக அரச சேவையிற் சேர்வோர் இரண்டாம் அரசகரும மொழியில் தேர்ச்சி பெறவேண்டும் என்று 2007 ஆம் ஆண்டின் பொது நிர்வாகச் சுற்றறிக்கை விதித்தது. தொழிற் பரீட்சைக்கு வெளியே நிற்கும் இம்மொழிப் பரீட்சை, வன்னி நோயாளியைப் பொறுத்தவரை, தொழிற் பரீட்சைக்குச் சமமான முக்கியத்துவம் உடையது.

வெளிநாட்டுப் பட்டதாரிகள்

பிறநாட்டில் பட்டம் பெற்றுத் திரும்பும் இலங்கையர் நேரடியாகப் பதிவு பெறுவதில்லை. மருத்துவக் கட்டளைச் சட்டத்துக்கு 1965 இல் வந்த 16 ஆம் இலக்கத் திருத்தத்தின் காரணமாக ‘அக்ட் 16’ என்று வைத்தியர் வழக்கில் நெடுங்காலம் வழங்கிவந்த பரீட்சைமுறையின் வழியில், இன்று பல் வைத்தியப் பட்டதாரிகளுக்கென மருத்துவ சபை தனிப் பதிவுப் பரீட்சை நடத்துகிறது. சபை அங்கீகரித்த கல்லூரியிற் படித்திருக்க வேண்டும். எழுத்திலும் செய்முறையிலும் நோயாளிச் சோதனையிலும் தேறவேண்டும். யுத்தத்தின் பொருட்டுத் தமிழகம் சென்று அகதிகளாய் வாழ்ந்த குடும்பங்களின் பிள்ளைகளும், இந்தியத் தனியார் கல்லூரிகளைத் தேடிச் சென்றவர்களும் தாயகத்தில் தொழில் செய்ய இப்பரீட்சையே வாயில். காலவிரயமும் செலவும் உண்டாக்கும் தடையென்று சிலர் இதனைக் கருதினாலும், எங்கே படித்தவராயினும் இந்நாட்டு நோயாளியிடம் ஒரே பிரமாணத்தோடு வரவேண்டும் என்ற கொள்கை நியாயமானதே.

நிபுணர் சான்று

பட்டத்துக்கு மேற்பட்ட நிபுணத்துவம், சுதந்திரத்துக்குப் பின்னும் பல்லாண்டுகள் இங்கிலாந்தின் கைவசமே இருந்தது. அரச கல்லூரிகளின் உறுப்புரிமை பெற்று வந்தவரே நிபுணராகக் கருதப்பட்டனர். சென்றவர் பலர் திரும்பாதது நாட்டுக்கு நட்டமாயிற்று. எழுபதுகளில் வித்திடப்பட்டு, 1978 ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் கீழ் 1980 இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தோடிணைந்து உறுதிபெற்ற பட்டப்பின் மருத்துவ நிறுவகம், நிபுணரை இந்நாட்டிலேயே பயிற்றிப் பரீட்சித்துச் சான்றளிக்கும் பொறுப்பை ஏற்றது.

வாய் முகத் தாடைச் சத்திரசிகிச்சை, பற்சீரமைப்பு, பற்புனரமைப்பு, சமுதாயப் பல் வைத்தியம், வாய் நோயியல் ஆகியன அந்நிறுவகத்தில் வளர்ந்த பல் வைத்தியத் துறைகள். முதற் பரீட்சை தெரிவுக்குரியது. அதில் தேறியவர் நியமிக்கப்பட்ட வைத்தியசாலைகளிற் சில வருடங்கள் பயிற்சி பெற்று இரண்டாம் பரீட்சைக்குச் செல்கிறார். அதன் பின்னரும் சான்று உடனே கிடைப்பதில்லை. முதுநிலைப் பதிவாளராக நாட்டிற் பணிபுரிந்து, வழக்கமாக ஓராண்டு வெளிநாட்டுப் பயிற்சியும் முடித்து, தம் வேலைப் பதிவுகளை நிறுவகத்தின் சபைமுன் வைத்து விடையளித்தபிறகே அவர் சபைச் சான்று பெற்ற நிபுணராகிறார். இத்தனை படிகளையும் கடந்தவரையே சுகாதார அமைச்சு நிபுணர் பதவிக்கு நியமிக்கிறது.

முகத் தாடைச் சத்திரசிகிச்சையின் வரலாறு யுத்தத்தோடு பிணைந்தது. முதலாம் உலகப் போரில் முகஞ் சிதைந்த வீரருக்கென இங்கிலாந்தின் சிட்கப்பில் 1917 இல் தொடங்கிய வைத்தியசாலையில், ஹரோல்ட் கில்லிஸ் முதலிய சத்திரவைத்தியரும் பல் வைத்தியரும் ஒன்றுகூடி உழைத்ததன் பயனாகவே அத்துறை உருப்பெற்றது. உடைந்த தாடையை மீண்டும் பொருத்துகையில் மேற்பல்லும் கீழ்ப்பல்லும் முன்போல் கடித்துச் சேர்வதே அளவுகோல் என்பதால், பல்லை அறிந்த சத்திரவைத்தியர் இன்றியமையாதவரானார். ஷெல் வீச்சையும் மிதிவெடியையும் கண்ட வன்னியில் இவ்வுண்மைக்கு விளக்கம் வேண்டியதில்லை.

யுத்தமும் மீள்குடியேற்றமும்

1995 இன் யாழ்ப்பாண இடப்பெயர்வில் இலட்சக்கணக்கானோர் வன்னிக்கு வந்து சேர்ந்தபோது, ஏற்கெனவே குறைந்த வளங்களோடிருந்த வைத்தியசாலைகள் திணறின. 1996 இல் கிளிநொச்சி நகரம் சண்டைக்களமானபின் அதன் வைத்தியசாலை அக்கராயனுக்குப் பெயர்ந்தது. 2008 இன் இறுதியில் தருமபுரத்துக்கும், அதன்பின் மேலும் கிழக்கே ஒடுங்கிய நிலப்பகுதிக்கும் மக்களோடு மக்களாக நகர்ந்தது. 2009 இன் முதல் மாதங்களில் புதுமாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் பாடசாலைக் கட்டடங்களே வைத்தியசாலைகளாயின. அத்தருணங்களில் பற்சிகிச்சை கடைசி வரிசைக்குத் தள்ளப்பட்டது இயல்பே. மின்சாரமும் நீர்க்குழாயும் வேண்டும் பற்சிகிச்சைக் கதிரையைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. மரப்பு ஊசியும் குறடும் இருந்தால் பல்லைப் பிடுங்கலாம், காப்பாற்ற இயலாது. அடைத்துக் காத்திருக்கக்கூடிய பற்களை ஒரு தலைமுறை இழந்தது.

யுத்தம் முடிந்தபின் ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்கள் செட்டிகுளத்து மெனிக் பாம் முதலிய முகாம்களில் வைக்கப்பட்டனர். 2012 செப்டெம்பரில் அம்முகாம் மூடப்பட்டது. மீள்குடியேறியோர் கொட்டில் அமைத்துக் கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கியதற்கு அடுத்தபடியாகக் கேட்டவை பாடசாலையும் வைத்தியசாலையுமாம். இன்று வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டப் பொது வைத்தியசாலைகளிற் பற்சிகிச்சைப் பிரிவுகள் நடைபெறுகின்றன; மல்லாவி, மாங்குளம், புதுக்குடியிருப்பு, செட்டிகுளம் ஆகிய இடங்களில் ஆதார வைத்தியசாலைகள் உள்ளன. அரச சிகிச்சை இலவசமாயினும், உட்கிராமத்திலிருந்து பஸ் ஏறி வந்து துண்டெடுத்துக் காத்திருப்பதற்குள் கூலியாளுக்கு ஒருநாட் சம்பளம் போய்விடும். அதனால் வலி பொறுக்க முடியாத நிலையிலேயே பலர் வருகின்றனர்.

வன்னியின் நோய்கள் கேட்கும் தகுதி

பரீட்சையின் பாடத்திட்டத்துக்கும் மண்ணின் நோய்க்கும் உள்ள தொடர்பை இரண்டு எடுத்துக்காட்டுகளாற் காணலாம். வவுனியாவை உள்ளிட்ட உலர்வலயத்தின் சில பகுதிகளில் நிலத்தடி நீரில் புளோரைட்டு மிகுதியாக உண்டு. குடிநீரில் லீற்றருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்று உலகச் சுகாதார ஸ்தாபனம் வரம்பு கூறும். அவ்வளவைத் தாண்டிய கிணற்று நீரைப் பால்யத்திற் குடித்த பிள்ளையின் நிரந்தரப் பற்கள், மிளிரி உருவாகும் பருவத்திலேயே பழுதுற்று, வெண்புள்ளியும் பழுப்புக் கோடுமாக முளைக்கின்றன. பல் துலக்காத குற்றமென்று பாடசாலையிற் பரிகசிக்கப்படும் அப்பிள்ளையிடம், இது நீரினால் வந்தது, உன் தவறன்று என்று சொல்லவும், சொத்தையையும் இதையும் வேறுபடுத்தி அறியவும், கறையை மட்டும் நீக்கிப் பல்லைக் காக்கவும் பயின்ற வைத்தியர் வேண்டும். புளோரைட்டுப் பற்பசையை எல்லோர்க்கும் ஒரேயளவில் உபதேசிப்பதும் இங்கே பொருந்தாது.

மற்றது வெற்றிலை. பாக்கும் சுண்ணாம்பும் புகையிலையும் சேர்த்து மெல்லும் பழக்கம் வயலிலும் வாடியிலும் உழைப்போரிடையே ஆழமாகப் பதிந்துள்ளது. பாக்கு தானே புற்றுநோயை விளைப்பதென்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004 இல் அறிவித்தது. இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றே. அது பெரும்பாலும் முன்னறிவிப்பின்றி வருவதில்லை: கன்னத்தின் உட்புறம் வெளுத்து நார்போல் இறுகும், காரம் பட்டால் எரியும், வாய் வரவரக் குறைவாகவே திறக்கும். நோயாளியிடம் அவருடைய மூன்று விரல்களை நிமிர்த்தி வாய்க்குள் வைக்குமாறு வைத்தியர் கேட்கும்போது இரண்டே நுழையுமாயின், அந்நிமிடமே நோயாளியை நிபுணரிடம் அனுப்பவேண்டும். பல்லை மட்டும் பார்த்து நாக்கின் ஓரத்தையும் கன்னத்தின் உட்புறத்தையும் பாராது விடுவது பரீட்சையில் மாணவரைத் தவறச்செய்யும் பிழை. வன்னியின் சிகிச்சை நிலையத்தில் அது உயிரைப் பறிக்கும் பிழை.

துணைத் தொழில்களும் போலிகளும்

பாடசாலைச் சிறுவருக்குப் பற்சிகிச்சையளிக்கவென 1921 இல் நியூசிலாந்து தொடங்கிய தாதியர் முறையைத் தழுவி, மகரகமவிற் பயிற்சி பெறும் பாடசாலைப் பற்சிகிச்சையாளர் சேவையை இலங்கை ஐம்பதுகளில் ஏற்படுத்திற்று. பிள்ளைகளின் பல்லை அடைக்கவும் பிடுங்கவும் சுத்தஞ் செய்யவும் உரிமை பெற்ற இவர்களே கிராமப் பிள்ளைக்குப் பெரும்பாலும் முதலிற் கிடைக்கும் பற்சிகிச்சையாளர். பொய்ப்பல் செய்யும் தொழினுட்பவியலாளர் பல் வைத்தியரின் பணிப்பின்படி ஆய்வுகூடத்தில் உழைப்பவர். அவரே நேரில் அளவெடுத்துப் பல் கட்டுவது சட்டத்துக்குப் புறம்பானது.

ஆயினும் சிறு நகரங்களில் விளம்பரப் பலகையோடு இவ்வாறு பல் கட்டும் நிலையங்கள் தோன்றிவிடுகின்றன. கொதிநீரிற் கழுவிய கருவியும் முறைப்படி அழுத்த நீராவியிற் கிருமி நீக்கிய கருவியும் பார்வைக்கு ஒன்றே; மஞ்சட்காமாலைக் கிருமி ஒரு வாயிலிருந்து மற்றொரு வாய்க்குச் செல்வதை நோயாளி காணமாட்டார். 2006 ஆம் ஆண்டின் தனியார் மருத்துவ நிறுவனப் பதிவுச் சட்டம் தனியார் சிகிச்சை நிலையங்களும் பதிவு பெறவேண்டுமென விதித்தது. வைத்தியரின் மருத்துவ சபைப் பதிவிலக்கத்தைக் கேட்டறிவது நோயாளியின் உரிமை. கேட்பதை அவமரியாதையென்று எண்ணும் கூச்சம் நம் மக்களிடம் உண்டு; அக்கூச்சம் நீங்கவேண்டும்.

மதிப்பீடு

ஒன்றரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட இவ்வரலாற்றில் பரீட்சைகளின் பெயரும் உருவமும் மாறியுள்ளன, காரணம் மாறவில்லை. வாயைத் திறந்து படுத்திருப்பவர், தமக்குள் நடக்கும் வேலையைத் தாமே காணமுடியாதவர். செய்தது நன்றா தீதா என்று நெடுநாள் சென்றே அறிபவர். அவர் காணமுடியாததை அவருக்காகத் தேசம் முன்னரே கண்டு உறுதி சொல்கிறது. அவ்வுறுதி கொழும்பில் வாழ்பவருக்கும் வன்னியின் முத்தையன்கட்டில் வாழ்பவருக்கும் ஒன்றேயாகவேண்டும்.

கடுமையான பரீட்சை நல்ல வைத்தியரை ஆக்கும். ஆனால் அவரைக் கஷ்டப் பிரதேசத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தாது. வெற்றிடமாகக் கிடக்கும் பதவிக்கு எந்தச் சான்றும் ஈடாகாது. நிபுணப் பயிற்சியின் ஒரு பகுதியை வன்னியின் மாவட்ட வைத்தியசாலைகளில் நடத்துதல், விடுதியும் போக்குவரத்தும் தந்து இளம் வைத்தியரை நிலைக்கச் செய்தல், நோயாளியின் மொழியில் உரையாடும் ஆற்றலைத் தகுதியின் அங்கமாகவே கணித்தல், உயர்தர விஞ்ஞான ஆசிரியரை உட்கிராமப் பாடசாலைகளுக்கு அளித்து இம்மண்ணின் பிள்ளைகளே மிகுதியாகப் பேராதனை செல்ல வழிசெய்தல் ஆகிய நான்கும் பரீட்சைச் சீர்திருத்தத்தோடு உடன் நடைபெறவேண்டியவை. பதிவேட்டில் எத்தனை பெயர் ஏறின என்பதைக் கொண்டு மட்டும் தேசிய தகுதிமுறையை அளத்தல் ஆகாது. ஒட்டுசுட்டானிலும் நெடுங்கேணியிலும் பூநகரியிலும் பல்வலியோடு எழும் ஒருவர் அன்றைக்கே தகுதி பெற்ற ஒரு கையை அடைய முடிகிறதா என்பதே அதன் உண்மையான அளவுகோலாகும்.